பதினோரு ஹெக்டேர்

அறக்கட்டளையின் கணக்கு நோட்டு என்னிடம்தான்.
முதல் பக்கத்து வரவு:
தைப்பூசக் காவடியன்று
கோயில் மதிலுக்கு வெளியே பீன்ஸ் பன்னி விற்றது,
நாலாயிரத்து இருநூறு ராண்ட்.
செலவு:
மணல் மூட்டை நூற்று அறுபது.
ரப்பர் பூட்ஸ் ஒன்பது ஜோடி,
அதில் ஒரு ஜோடி இரண்டும் இடக்கால்.

டொங்காட் ஆலைப் புகைக்குக் கீழே
கரும்புக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில்
ஒரு நாணல் சேறு.
பத்திரத்தில் 'பயனற்ற நிலம்'.
வாங்கக் கையெழுத்துப் போட்டவர்கள் அறுபத்து மூன்று பேர்.
"நாயன்மார் கணக்கு சரியாப் போச்சு" என்று
கோகிலாம்பாள் சிரித்தாள்.

எதற்கு இந்தக் கடன் என்று வங்கியில் கேட்டார்கள்.
கட்டைவிரல் நுனியளவு ஒரு தவளைக்கு என்று சொல்ல
வெட்கமாக இருந்தது எனக்கு.
'நீர்ப்பிடிப்பு மேம்பாடு' என்று எழுதிக் கொடுத்தேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில்
ஆதரிப்பவர் கை தூக்குங்கள் என்றபோது
தூக்காத ஒரே கை பூபாலன் மூன்சாமியுடையது.
அவர் சொன்னதில் பொய்யில்லை.
"வாய்க்காலை அடைச்சா என் கீழ்வயல் அழுகும்.
தவளைக்கு அறக்கட்டளை இருக்கு,
எனக்கு யாரு?"
கூட்டக் குறிப்பில் அதைச் சுருக்கினேன்:
ஒருவர் கவலை தெரிவித்தார்.

அடைத்தோம்.
தண்ணீர் ஒரு சாண் ஏறியது.
அவருடைய கரும்பில் ஆறு வரிசை
மஞ்சளாகி, பிறகு கறுத்துச் சாய்ந்தது.
இழப்பீடு என்று ஒரு வரி எழுதினேன்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்,
எண்ணிப் பார்க்கவில்லை.
அதுதான் என்னவோ செய்தது.

ஸிபோனெலோ ங்கிடிக்குக் கிடங்கில் இரவுக் காவல்.
விடுப்பு கிடைத்த இரவுகளில் எங்களோடு வருவான்.
அவன் மொழியில் தவளைக்கு ஒரு சொல் உண்டு,
நடுவில் இரண்டு முறை நாக்கு கன்னத்தில் சொடுக்கும்.
தமிழில் எழுத வராது.
எழுத வராததைத்தான் நாங்கள்
எண்ணப் போயிருந்தோம்.

விளக்கை அணைத்து ஐந்து நிமிடம்.
மற்றத் தவளைகள் கல்யாண வீட்டு ஆட்கள் போல இரைந்தன.
நாங்கள் தேடியது
அந்தப் பந்தலின் கடைசி நாற்காலியில்
ஒரு முறை செருமிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும் ஆளை.
தாளில் நாலு கட்டம்:
தேதி, இடம், காற்று, எண்ணிக்கை.
ஆகஸ்டில் சுழி.
செப்டம்பரில் சுழி.
அக்டோபருக்குள்
அழகாகச் சுழி போடப் பழகிவிட்டோம்.

நவம்பரில் ஒரு மழை இரவு, பதினொரு மணி.
கைப்பேசியில் பூபாலன் மூன்சாமி.
எப்படி இருக்கீங்க என்றுகூட இல்லை.
"கேளு" என்றார்,
கைப்பேசியை எதன் பக்கமோ நீட்டிவிட்டார்.

லாரி.
மழை.
கல்யாண வீடு.
அதற்கும் பின்னால்
ஈரத்துணிக்குள் சுருட்டிய இரண்டு கூழாங்கல்
தெரியாமல் உரசியது போல
ஒரு டிக்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
இன்னொரு டிக்.

"வெட்டுக்கிளியா இருக்கும்" என்றேன்.
"வெட்டுக்கிளி எனக்குத் தெரியாதா?
ஐம்பது வருஷமா அதுக்குத்தானே சோறு போடறேன்."
"எந்தக் கரையில் நிற்கிறீங்க?"
"உங்க கரையில இல்ல.
என் கீழ்வயல்ல.
அழுகின எடத்துல நாணல் முளைச்சிருக்கு,
அதுக்குள்ள."

கைப்பேசியில் கேட்டது கணக்கில் சேராது,
இரண்டு பேர் நேரில் கேட்க வேண்டும் என்றான் ஸிபோனெலோ.
நள்ளிரவு தாண்டிப் போனோம்.
அவசரத்தில் எனக்குக் கிடைத்தது
அந்த இடக்கால் ஜோடி.

மூன்று பேரும் நின்றோம்,
முழங்கால் வரை அவருடைய நஷ்டத்தில்.
ஐந்து நிமிடம்.
இன்னும் ஐந்து.
மழை விட்டிருந்தது. எதுவும் செருமவில்லை.

இடம் என்ற கட்டத்தில்
எங்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரைதான்.
பத்து என்று எழுதி
பக்கத்தில் சுழி போட்டேன்.
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார் பூபாலன்.
"நாளைக்கு வாங்க" என்றார்,
நேரம் கெட்ட நேரத்தில் வந்த விருந்தாளியிடம்
சோறு தீர்ந்துபோச்சு என்று
சொல்ல நேர்ந்தவர் போல.